பர்மா ராஜாவின் பாடம்

யுத்தம் முடிந்த மறுவருஷம், தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் கரி பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு, காலர் நைந்த கோட்டு. ரங்கூனில் வாத்தியாராக இருந்து கப்பலில் ஊர் திரும்பியவர். பேசும்போது, கரும்பலகையை அழிப்பதுபோல் உள்ளங்கையால் காற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பர்மா சரித்திரம் எழுதியவர் அவர்தானாம்.

“கடைசி ராஜாவைப் பத்தி ஒரு பாடமுங்க. விசாரிச்சுத்தான் எழுதினேன். வெள்ளைக்காரன் அவரைக் குடிகாரன்னு மாத்தச் சொன்னான், மாத்தினேன். ஜப்பான்காரன் வந்து மாவீரன்னு எழுதச் சொன்னான், எழுதினேன். அப்புறம் வெள்ளைக்காரனே திரும்பி வந்துட்டானுங்க.”

“மறுபடியும் குடிகாரரா?”

“பின்னே? எழுதாட்டி வேலை ஏதுங்க?” என்று சிரித்தார்.

வழியில் பஸ் நின்றது. கிளீனர் இறங்கி, பஸ்ஸை ஓட்டும் புகைக்காகப் பின்னால் மாட்டியிருந்த கரியடுப்பைக் கிளறினான்.

“நீங்க பத்திரிகைக்காரர்னு சொன்னீங்களே. அந்த ராஜாவை நம்ம நாட்டுக்குத்தானே கொண்டாந்து அடைச்சு வச்சாங்க? உங்க ஆபீசுல பழைய சேதி இருக்குமுங்களா?”

“எதற்கு?”

“மொதல்ல நான் என்ன எழுதினேன்னு எனக்கே மறந்துபோச்சுங்க. அவர் நெசமா எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியணும்.”

“இருக்கும். அதுவும் வெள்ளைக்காரர்கள் தந்த சேதிதான்” என்றேன்.

அவர் தலையசைத்தார்.

“இண்டூர்ப் பள்ளிக்கூடத்துல சரித்திரம் எடுக்கச் சொல்றாங்க. கணக்கு போதும்னு சொல்லிட்டேனுங்க.”

இண்டூரில் இறங்கினார். பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். வீட்டை நோக்கித் தனியாகத்தான் நடந்தார். உள்ளங்கை மட்டும் காற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது.