மூன்றாவது திருப்பத்துக்கு மேல்

ஜீஷான் கதை விடுகிற ஆள் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மெஷின் நின்றால் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு நின்றது என்று எழுதியே பழகியவன். அன்று நடந்ததையும் அப்படித்தான் நிமிஷக் கணக்கோடு சொல்கிறான். கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவன் மனைவி நிகத்தின் காலில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

போன ஜனவரி. தளிக்கு அப்பால் ஒரு மலையில் ஏடிவி வண்டி ஓட்ட விடுகிறார்கள். பெரிய டயர் போட்ட நாலு சக்கர பைக். நிகத்துக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "நான் கீழயே இருக்கேங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்று ஜூஜுவாடியில் வீட்டைப் பூட்டும்போதே சொன்னாள். கல்யாணமாகி எட்டு மாசம். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

வழி காட்டுகிற கோவிந்தன் கிளம்பும் முன் ஒரே ஒரு விதி சொன்னான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவர் வலது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கை தெரிந்தால்தான் நகர வேண்டும். பனிமூட்டத்தில் முகம் தெரியாது, ஹெல்மெட்டுக்குள் குரலும் கேட்காது. அதனால் கைதான் எல்லாம் என்றான். முன்னால் கோவிந்தன், நடுவில் ஜீஷான், கடைசியில் நிகத்.

காலை 6.05க்குக் கிளம்பினார்கள். விரல் மரத்துப்போகும் குளிர். 6.12, முதல் திருப்பம். நிகத் ஊதாக் கையுறை போட்ட கையைத் தூக்கி ஆட்டினாள். 6.18, இரண்டாவது. அதே ஊதாக் கை. பரவாயில்லையே, நன்றாகத்தான் ஓட்டுகிறாள் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

6.25, மூன்றாவது திருப்பம். பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அதற்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. கையுறை இல்லை. இந்தக் குளிரில் ஏன் கழற்றினாள் என்று நினைத்தான். ஆனாலும் கை தெரிந்ததே. நகர்ந்தான்.

6.31, நான்காவது. கை தெரிந்தது. ஆனால் அவள் வண்டியின் விளக்கு தெரியவில்லை. பனி மறைத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

6.36, ஐந்தாவது. முதல் இரண்டு திருப்பத்திலும் அவள் கையை ஆட்டினாள். இது ஆடவில்லை. நட்டு வைத்த குச்சி போல நின்றது.

6.41, ஆறாவது. தன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டான். மேலே கோவிந்தன் வண்டியின் உறுமல் மட்டும். பின்னால்... ஒன்றுமில்லை. இலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம். டப்... டப்...

"நிகத்?"



கை மட்டும் தூக்கியபடியே இருந்தது. இந்தமுறை கொஞ்சம் பக்கத்தில்.

அதற்குமேல் அவனால் பார்க்க முடியவில்லை. வண்டியைக் கிளப்பி, 6.47க்கு உச்சியில் போய் நின்றான். திரும்பினான். பனி விலகியிருந்தது.

பாதையில் யாரும் இல்லை.

ஈர மண்ணில் டயர் தடம் இருந்தது. இரண்டு வண்டிகளின் தடம் மட்டும்.

கோவிந்தனும் அவனும் வந்த வேகத்தில் கீழே இறங்கினார்கள். 7.02. மூன்றாவது திருப்பத்துக்குச் சற்றுக் கீழே, நிகத்தின் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதற்கு அடியில். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இருந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சிரமம் என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

மறுநாள் அவள் கண் திறந்தாள். முதலில் கேட்டது இதுதான்.

"நான் கத்திக்கிட்டே இருந்தேங்க. ஏன் நிக்காம போனீங்க?"

"நீ கை காட்டுனியே..."

அவள் அவனையே பார்த்தாள்.

"என் ரெண்டு கையும் வண்டிக்கு அடியிலதான இருந்துச்சு."

வெளியே வராந்தாவில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தான். ஜீஷான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். கோவிந்தன் தடுக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு அதே இடத்தில் ஒரு பெண் வண்டியோடு விழுந்தாள், முன்னால் போனவர்கள் திரும்பியே பார்க்கவில்லை, கையைத் தூக்கியபடியே குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தாள், கை காட்டும் விதியே அதற்குப் பிறகு வந்ததுதான் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா யாரு சார் வருவாங்க?"

கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டே கோவிந்தன் மெதுவாகச் சொன்னான்.

"தெனம் காலைல வழி பாக்க நான் ஒருத்தனேதான் மேல போவேன். பழக்க தோசம், திருப்பத்துல திரும்பிப் பாப்பேன்... அப்பவும் கை தெரியும் சார்."