ரத்த வங்கியின் கறுப்புத் திரை

ரத்த வங்கியின் எழுத்தரை ஆஸ்பத்திரியே 'முடிச்சக்கா' என்றுதான் கூப்பிடும். ஒயர்களைச் சடைபோல முடிந்து வைப்பவள். அவள் மேசைக்கு மேலே கொசுகூடக் கோணலாகப் பறக்கப் பயப்படும். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை கணினியைப் போட்டாள். அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் ஒன்றரை நிமிடம் எதையோ தேடியது. பிறகு கறுப்புத் திரையில் 'அவசர நிலை' என்று காட்டிப் படுத்துக்கொண்டது.

பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும் ரத்த வகை. இருந்த ஒரே ரத்தப் பையும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வகைக்காரர்களின் போன் எண்களெல்லாம் கணினிக்குள்.

"அக்கா, இந்தப் பை ஒரு மணி நேரந்தான் வருமாம். டாக்டர் கத்துறாரு," என்றாள் நர்ஸ்.

மேலாளர் குனிந்து திரையைப் பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாமே?"

"நம்பரும் சேர்ந்து அழிஞ்சிடும் சார். அப்புறம் உங்க கையிலதான் ஊசி குத்தணும்."

"என்னோடது வேற வகைம்மா!" அவர் இரண்டடி பின்னால் போனார்.

முடிச்சக்கா திரையை வரிவரியாகப் படித்தாள். ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்றது கணினி. கட்டடமே எரிந்தாலும் கொடையாளர் பட்டியல் பிழைக்கட்டும் என்று, நகல் இருந்த டிஸ்க்கை நேற்று மாலை கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவள் அவளேதான். கணினி எழும்போதெல்லாம் அந்த டிஸ்க்கைத் திறந்தே ஆக வேண்டும் என்று போன மாதம் எழுதிவைத்தவளும் அவளேதான். டிஸ்க் இப்போது, வெளியூர் கிளம்பிய கணவர் தவறுதலாக எடுத்துப்போன பையில், ஓடும் ரயிலில். கூப்பிட்டுப் பார்த்தாள், அவர் போனோ செத்துக் கிடந்தது.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான் சார். அப்புறமா ஆற அமரத் திட்டுங்க."

பாஸ்வேர்டை அடித்து, டிஸ்க்குகளின் பட்டியலைத் திறந்தாள். காணாமல்போன டிஸ்க்கின் வரிக்கு முன்னால் # போட்டால் போதும், கணினி அதைக் கண்டுகொள்ளாது. போட்டாள். சேமிக்க மறுத்தது: படிக்க மட்டுமே அனுமதி.

"அக்கா, இன்னும் நாப்பது நிமிஷந்தான்!"

"வாயை மூடுடி, எழுத்து பிசகிடும்."

எழுதும் அனுமதிக்கான கட்டளையை அடித்தாள். ஓர் எழுத்து பிசகியது, கணினி சிடுசிடுத்தது. மறுபடி அடித்தாள். பதிலே இல்லை. பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்பது லினக்ஸின் சுபாவம். # போட்டாள், சேமித்தாள், கணினியை மறுபடி கிளப்பினாள்.

வரிகள் ஓடின. போன தடவை நின்ற இடம் வந்தபோது மூவருமே மூச்சை அடக்கினார்கள். வரிகள் நிற்காமல் ஓடின.

அந்த ரத்த வகையில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் எண் அணைந்திருந்தது. இரண்டாவது எண்ணுக்குரியவர் ஆறாவது மணியில் எடுத்தார்.

"அண்ணே, ரத்த வங்கியிலேருந்து பேசுறேன். ஒரு பொண்ணுக்கு உங்க ரத்தம் வேணும், இப்பவே."

"தலையில சோப்பு போட்டிருக்கேன்மா. கழுவிட்டு வரவா?"

"நுரையோடவே வாங்கண்ணே!"

பன்னிரண்டாவது நிமிடத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. பிரசவ அறையில் பை இன்னும் தீரவில்லை. இறங்கியவருக்கு ஒரு காதில் இன்னும் நுரை இருந்தது.