அம்மன் வராத உச்சிக்கொடை

சங்கீதத்துக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திருவனந்தபுரத்தில் பி.ஏ. படிக்கும்போது நான் ஒரு கட்டுரை எழுதினேன். பதினாலு பக்கம். பேராசிரியர் அதை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் இறங்குவதற்கு என் அக்காவுக்கு இருந்த ஒரே ஆதரவை நான் பிடுங்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் போய்விட்டது. இதை எழுதும்போதும் அந்தப் படித்த கழுதையை இழுத்து வைத்து நாலு அறை அறையலாமா என்றுதான் இருக்கிறது.

கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: பாட்டு புத்தியிடம் அனுமதி கேட்காமல் உடம்புக்குள் புகுந்துவிடுகிறது, புகுந்தது இன்னதென்று தெரியாததால் மனுஷன் அதற்குத் தெய்வம் என்று பேர் வைத்துவிட்டான். எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்! எழுதினவனுக்கு வயது இருபத்திரண்டு.

எங்கள் ஊர் தக்கலைக்குக் கிழக்கே. படிப்பு முடிந்து தக்கலைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. வீட்டில் நாலு பேர். அண்ணன், அண்ணனுடைய ஒரே மகள், அக்கா, நான். அப்பா அம்மா இல்லை. அண்ணி பிரசவத்தில் போய்விட்டாள். பத்தொன்பது வயதில் தாலியறுத்து வீட்டுக்கு வந்த அக்காதான் அந்தப் பிள்ளையை வளர்த்தாள். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் வீட்டிலிருந்தால் அக்கா அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “நீ போய் உனக்க சோலியப் பாரு” என்பார். அவளும் போய்விடுவாள்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இதெல்லாம் தலைகீழாகும். சித்திரையில் ஊர் அம்மனுக்குக் கொடை நடக்கும். மத்தியானம் உச்சிக்கொடைக்கு வில்லுப்பாட்டு. மணி கட்டிய பெரிய வில்லைக் குடத்தின்மேல் வைத்து, புலவர் வீசுகோலால் அடித்துக்கொண்டே அம்மனின் கதையைப் பாடுவார். எங்கள் அம்மன் ஒரு காலத்தில் மனுஷியாக இருந்தவள். சொத்துக்காகக் கூடப்பிறந்தவர்கள் வெளியே தள்ளிக் கதவடைக்க, வாசலிலேயே விழுந்து செத்துத் தெய்வமானவள். அவள் கதவைத் தட்டி அண்ணன்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற இடம் வந்ததும் புலவர் நடையை முறுக்கி வேகம் கூட்டுவார். உடுக்கை அதிரும், மணிகள் பதறும். கூட்டத்தின் நடுவிலிருந்து அக்கா அலறிக்கொண்டு வருவாள்.

“ஏலே! இஞ்ச வா!”

கூப்பிடுவது அண்ணனை. அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்பார். “சொல்லு தாயே.” நான் பள்ளிப்படிப்பை முடித்த வருஷம் என்னை நெல் வியாபாரத்தில் உட்கார வைப்பதென்று அவர் முடிவு செய்திருந்தார். கொடையில் அம்மன் சொன்னாள்: “சின்னவனப் படிக்க வைலே. பணத்தப் பூட்டி வச்சு எனக்கா தரப்போறே?” அடுத்த வாரமே என்னைத் திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் விட்டார். என் தத்துவம் முழுக்க அக்கா வாயால் அம்மன் போட்ட பிச்சை. இது தெரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

நான் வாத்தியாரான வருஷம் மாசி மாதம் தக்கலைச் சாயாக்கடையில் புலவரைப் பிடித்தேன். அறுபது வயது மனிதர். கட்டுரையில் எழுதியதை அவரிடம் அப்படியே அவிழ்த்துவிட்டுக் கேட்டேன்.

“புலவரே, ஆட்டி வைக்கிறது அம்மனா, உம்ம பாட்டா?”

“அம்மைதான். நான் ஆரு சாரே?”

“அப்படின்னா கதவடைக்கிற இடத்துல நீர் நடையை முறுக்காமப் பாடினாலும் அவ வரணுமே?”

மனிதர் சாயாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நாப்பது வருசமாட்டு பாடுகேன் சாரே. தொண்டை கிழியப் பாடுகது நான். ஜனங்க விழுந்து கும்பிடுகது ஆடுகவனுக்க காலுல. ஒருக்காலும் ஒருத்தனும் எங்கிட்ட வந்து, புலவரே உம்ம பாட்டுதான்னு சொன்னதில்ல. பாட்டுதானோன்னு நானும் நெனச்சதுண்டு.”

பாவம், அவரும் மனுஷன்தானே. சொல்லில் ஒன்றும் குறைக்க மாட்டேன், குறைத்தால் அம்மை கேட்பாள் என்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் நடையைப் பைய விடுவதாகச் சம்மதித்தார்.

பங்குனியில் இடி விழுந்தது. அண்ணன் மகளுக்குக் கொட்டாரம் என்ற ஊரில் மாப்பிள்ளை பேசிவிட்டார். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து, இரண்டாம் தாரம், வயலும் தோப்புமாக நல்ல வசதி. நான் கத்திப் பார்த்தேன். “படிச்சது உனக்கு. பிள்ளை எனக்கு” என்று அண்ணன் எழுந்து போய்விட்டார். அக்கா அவர் காலைப் பிடித்து அழுதாள். வழக்கம்போல் அவளைச் சோலியைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“கொடை வரட்டும் மக்கா. அம்மை பாத்துக்கிடுவா.”

அப்போதாவது நான் புலவரிடம் ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷம் அம்மன் வாயால் பேசுவாள் இவள்? அம்மன் வராவிட்டால் இவள் சொந்த வாயால் பேசித்தானே ஆகவேண்டும், நான் பக்கத்தில் நின்று ஒரு கை கொடுக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சமயத்தில் அது எனக்குப் பெரிய தர்மமாகப் பட்டது.

உச்சிக்கொடை வந்தது. மணல் கொதித்தது. புலவர் கதவடைக்கிற இடத்துக்கு வந்தார். நடையை முறுக்கவில்லை. அதே சொற்கள், அதே ராகம், சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிபோல மெதுவாக. அக்காவின் கால்விரல்கள் மணலைக் கிளறின. தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. இன்னொருமுறை குலுங்கி நின்றது. அவள் வில்லையே பார்த்தாள். தண்ணீர் கேட்டவள் செம்பைப் பார்க்கிற பார்வை அது. புலவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். கூட்டத்திலிருந்து தானாக நடந்து முன்னால் வந்தாள்.

“ஏலே... பிள்ளைய அங்க குடுக்காதே.”

அது அடுக்களைக் குரல். அண்ணன் அதற்குள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். “வெயில்ல நிக்காண்டாம். வீட்டுக்குப் போ” என்றார். அதட்டவில்லை. இரக்கமாகவே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

பக்கத்தில் நின்று கை கொடுப்பதாக இருந்த வீரன் என்ன செய்தான்? நின்ற இடத்தில் நின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாள்.

பாட்டு முடிந்ததும் புலவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாட்டுதான் சாரே! எனக்க பாட்டுதான்!” கிழவருக்குக் கண்ணில் நீர். உடனே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கட்டுரை நிரூபணமாகிவிட்டது. வைகாசியில் பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அம்மன் இவளைக் கைவிட்டுவிட்டாள், என்ன பாவம் செய்தாளோ என்று ஊர் பேசியது. கேட்டுச் சகிக்க முடியாமல் ஒருநாள் கிணற்றடியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவம் செய்தது நீ இல்லை, நான் என்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“அப்பம் இத்தனை வருசமும் எனக்குள்ள வந்தது பாட்டா?”

பதினாலு பக்கம் எழுதியவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அம்மன்தான் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

“அத ஏம்லே எங்கிட்டச் சொன்னே?” என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறு வருஷம் கொடைக்குப் பிள்ளை புருஷனோடு வந்தாள். பதினாலு வயதில் கன்னம் ஒட்டி, முழங்கையில் சுட்ட தழும்போடு வந்து நின்றாள். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளை அக்காவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. “அத்தே, என்னத் திருப்பி அனுப்பாண்டாம்னு அம்மை சொல்லுவாளா?”

இந்தத் தடவை நடையை முறுக்கிப் பாடச் சொல்லி நான் விடிந்ததுமே புலவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தேன். “உயிரைக் கொடுத்துப் பாடுகேன் சாரே” என்றார். பாடினார். அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கதவு தட்டுகிற இடத்தில் வில்மணிகள் தெறித்துவிடும்போல இருந்தது. கூட்டத்தில் மூன்று பெண்கள் ஆடினார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அண்ணன் யாரும் கூப்பிடாமலே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து அக்காவுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணைத் தானாக வீட்டில் நிறுத்திக்கொள்ள அந்த மனிதருக்குத் தைரியம் இல்லை. ஒரு வார்த்தை, மேலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், செய்துவிடுவார்.

புலவர் அந்த இடத்தை இரண்டாம் தடவையும் பாடினார். குரல் உடைந்தது. அக்கா தலையைச் சாய்த்து, கடைசி அடி வரைக்கும் கவனமாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில்.

“கொள்ளாம்லே மக்கா. இத்தனை வருசமும் இந்த இடத்த நான் கேட்டதே இல்ல. நல்லாப் பாடுகாரு.”

பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் கையை விட்டுவிட்டு, போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.