ஓடுபாதை ஓரத்துப் புல்

"இத்தினி வருசமா உங்கம்மா பிளேன தூரத்துல குந்திகினு பாத்தா. நீ இன்னா, தொட்டுப் பாத்துடுவியா?"

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் விமானப் பராமரிப்பு படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று ஏழுமலை மேஸ்திரி என்னிடம் கேட்டது இது. கேலிதான், ஆனால் அதில் பொய் இல்லை. இப்போது நினைத்தாலும் அந்தக் குரலோடு சேர்ந்து ஒரு வாசனை வருகிறது: அறுத்த பச்சைப் புல்லும் விமானம் குடிக்கும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கி வரும்போது அவள் புடவையில் அது இருக்கும். மற்ற பிள்ளைகள் அம்மா வாங்கி வரும் தின்பண்டத்துக்காக ஓடுவார்கள். நான் அந்தப் புடவையை மோந்து பார்க்க ஓடுவேன்.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே எங்கள் ஊர். நிலம் என்று எங்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அடுத்தவர் கழனியில் நட்டும் களையெடுத்தும் வளர்ந்த அம்மாவை, அரிவாள் பிடிக்கத் தெரிந்தவள் என்பதற்காகவே மேஸ்திரி விமான நிலையத்துக்குப் புல் அறுக்க அழைத்துப்போனார். ஓடுபாதை ஓரத்தில் புல் வளர்ந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பறவை வரும், பறவை விமானத்துக்கு ஆபத்து. பரந்த இடத்தை எந்திரம் வெட்டிவிடும், வரிசையாய் நட்டிருக்கும் விளக்குகளின் காலடியில் மட்டும் கையால்தான் அறுக்க வேண்டும். விமானம் வருகிறதென்று விசில் ஊதினால் எல்லோரும் பின்வாங்கி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் வெற்றிலை போடுவார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். அம்மா மட்டும் பார்ப்பாள்.

பார்த்ததை வீட்டில் வந்து செய்து காட்டுவாள். சக்கரம் தரையைத் தொடும்போது "குப்"பென்று எழும் புகை, இறக்கையின் முதுகில் தட்டி போல எழுந்து நிற்கும் தகடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடுவே அவள் இறங்குகிற இறக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாததால் விமானங்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள்: "செகப்பு வாலு", "நீல வவுறு", "நெட்டக்காலு". நான் படித்துத் தெரிந்துகொண்ட கம்பெனிப் பெயர்களைவிட அவை பொருத்தமாக இருந்தன என்று இன்றைக்கும் சொல்வேன். காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனால், கடற்கரை முழுக்க ஜனம் அலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மணலில் மல்லாந்து படுத்து, கடலுக்கு மேலே திரும்பும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். "கோயிலு கீது, கடலு கீது, இதுங்க ரெண்டும் வானத்தப் பாக்க பஸ் ஏறி வந்துகீதுங்க" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அவர் கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவர். கையில் எப்போதும் ஆணி இருக்கும்.

அந்த ஆணிகளால்தான் வீட்டில் சண்டை. விமான நிலையத்தில் கீழே எதுவும் விழக்கூடாது. ஒரு ஊக்கு, ஒரு பாட்டில் மூடி போதும்; எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால் அவ்வளவுதான். வேனிலிருந்து இறங்குவதற்கு முன்பே பெண்கள் வளையல், க்ளிப்பு, பூ எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடியே நடந்து, கிடப்பதைப் பொறுக்குவார்கள். அம்மா இந்தச் சட்டத்தை எங்கள் ஓட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். தூங்கப்போகும் முன் நானும் அவளும் வாசல் வரை குனிந்து நடப்போம். "நம்ம வூட்டுல இன்னா பிளேனா எறங்கப் போவுது?" என்பார் அப்பா. "எறங்கினா?" என்பாள் அம்மா.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள், கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது கால் மெட்டியைக் காணோம்.

வளையலும் க்ளிப்பும் கழற்றிய பெண்களில் ஒருத்திக்குக்கூட மெட்டியைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியதில்லை. தாலி கட்டிய அன்று போட்டது. அது நகை என்றே யாரும் நினைக்கவில்லை, விரலோடு விரலாகத்தான் நினைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ராணி அத்தை, மெட்டி தொலைந்தால் புருஷனுக்கு ஆகாது என்று ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் காதில் அது விழவே இல்லை. "வெளக்காண்ட வுழுந்திருக்கும், காத்துல உருண்டு பிளேன் ஓடுற ரோட்டுக்கு வந்துட்டா?" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள்.

அப்பா கேட்டார்: "ஏம்மே, நான் பூடுவேன்னு அழுவுறியா, பிளேன் பூடும்னு அழுவுறியா?"

சிரிக்க யாராலும் முடியவில்லை. சொன்னால் வேலை போகும். அந்த வேலை போனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ராணி அத்தை மகளோடு ஷூ கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். "புல்லுக்குள்ள கெடக்கும், எவனுக்குத் தெரியும், வுடு" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என்னிடமே போனைக் கொடுத்தாள். "மேஸ்திரிக்குப் போடு பாப்பா."

போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. "இன்னா மே பேஜாரு பண்ற! உன் ஒருத்தியால மொத்த வேனுக்கும் வேல பூடும்!" அம்மா, எந்த விளக்கு வரிசையில் அறுத்தாள் என்பதை மட்டும் நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

மேஸ்திரி சொல்லி விமான நிலைய ஆட்கள் உடனே போய்த் தேடி, விளக்கின் காலடியில் குவித்து வைத்த புல்லுக்குள் மெட்டியைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் மேஸ்திரி அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு, இனி வேனில் ஏறாதே என்றார். அம்மா கருங்குழிப் பக்கம் நடவுக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் போயிருந்தேன். மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் சேற்றில் நின்றபடி நிமிர்ந்து, அது மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் குனிவாள். "இன்னா அஞ்சல, உன் வூட்டுக்காரரு போறாரா?" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். "எங்க வூட்டு செகப்பு வாலு" என்பாள் அவள். நான் பைக்குள் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, ஷூ கம்பெனி பஸ் எந்த நிறம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு. "ஏர்போர்ட்டு ஆபீசரு கேட்டுகினே கீறாரும்மா, சொன்ன பொம்பள எங்கேன்னு. நிறுத்திட்டேன்னேன். சொன்னவளையே நிறுத்தினா நாளைக்கு எவ வாயத் தொறப்பான்னு என்னப் புடிச்சுகினாரு. காலைல வந்து ஏறு."

அன்றிலிருந்து பெண்கள் எல்லோரும் மெட்டிக்கு மேலே துணிக்கிழிசல் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். கழற்ற மட்டும் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. துணி சுற்றிய விரல்களோடு அம்மா வேனில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். பிறகு பன்னிரண்டு, பிறகு மேஸ்திரி கேலி செய்த அந்தப் படிப்பு.

இப்போது விளக்கடியிலும் எந்திரமே வெட்டுகிறது. மேஸ்திரி வேனை விற்றுவிட்டார். நாங்கள் நிமிர்ந்து பார்த்த கருங்குழிக் கழனியில் வண்ணம் அடித்த மனைக் கற்கள் நிற்கின்றன. அம்மா வீட்டில் இருக்கிறாள். புடவையில் அந்த வாசனை இல்லை. அது இப்போது என் சட்டையில் இருக்கிறது, புல் மட்டும் குறைவு.

விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், எடுத்த கருவி எல்லாம் திரும்பி வந்து அதனதன் இடத்தில் படுக்கும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது எங்கள் வாசல். அன்று மாலை, யாரும் பார்க்காதபோது, ஒரு விமானத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன்.

"தொட்டியா? எப்டி கீது?" என்றாள் அம்மா, வீடு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"காலைல தண்ணி ரொப்பி வெச்ச அண்டா மாதிரி ஜில்லுனு கீதும்மா."

அவள் எழுந்து போய் எங்கள் வீட்டு அலுமினிய அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

உரிமம் வாங்குவதற்கான தேர்வுகளில் முதல் தாளைப் போன மாதம் எழுதித் தேறிவிட்டேன். இன்று முதல் எஞ்சின் பிரிவில் வேலை. விடிந்ததும் கிளம்பும்போது அம்மா வாசலில் வழி மறித்து, என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"க்ளிப்பு?"

"கழட்டிட்டேம்மா" என்று உள்ளங்கையை விரித்து, அதை அவளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.