வாயில் இருக்கும்வரை சாது

ஆர்த்தி டாக்டர் இல்லை. அவள் ஊரான அடி அண்ணாமலையில் இதை யாருக்கும் புரியவைக்க முடியாது. எம்.எஸ்சி. படித்தவள், பல் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருகிறாள் என்று நானே அவள் தெருவில் நின்று விளக்கியிருக்கிறேன். "அப்போ பல்லு டாக்டரு" என்று முடித்துவிட்டார்கள். கூட வேலை செய்கிறவள் என்பதால் எனக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது.

எங்கள் பாடம் மாணவர்களுக்குக் கசப்பு. பல் பார்க்க வந்தவர்களுக்குக் கிருமி எதற்கு என்பார்கள். ஆனால் ஆர்த்தியின் ஒரு வகுப்பில் மட்டும் யாரும் தூங்கியதில்லை. நம் எல்லோர் வாயிலும் விரிடன்ஸ் என்றொரு கிருமிக் கூட்டம் குடியிருக்கிறது, வாயில் இருக்கும்வரை சாது என்று ஆரம்பிப்பாள். பல்லைப் பிடுங்கும்போது அது ரத்தத்தில் இறங்கும். நல்ல இதயமென்றால் உடம்பே அதை விரட்டிவிடும். வால்வு பழுதான இதயமென்றால் அங்கேயே ஒட்டிக்கொண்டு பெருகி வால்வை அரித்துவிடும். "அதனால மொதல்ல இதயத்தப் பத்திக் கேளுங்க. பழுதுன்னா மாத்திரை குடுங்க. அப்புறம்தான் கொறடு." இதைச் சொல்லும்போது அவள் குரல் கோபமாகவே இருக்கும்.

காரணம் அவள் அண்ணன் வல்லரசு. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவன். மாதாமாதம் ஊசி போட்டு வளர்ந்தான். மீசை முளைத்ததும் ஊசியை விட்டுவிட்டு வேன் ஓட்டப் போனான். பார்க்க ஆள் நன்றாகத்தான் இருப்பான். கீழ்பென்னாத்தூரில் திருமலை என்பவரின் மகள் இனியாவைப் பேசி முடித்தார்கள். வால்வு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றாள் ஆர்த்தி. அம்மா பாஞ்சாலை விடவில்லை.

"சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? ஓடியாடி வேல செய்யறான் இல்ல? நீ வாய மூடிக்கினு இரு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பாஞ்சாலைக்கு ஒரே பொய் போதுமாக இருந்தது.

கிரிவலப் பாதையில் பௌர்ணமி தோறும் யாராவது இலவச மருத்துவ முகாம் போடுவார்கள். அப்படியொரு பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த திருமலை, வருங்கால மருமகன் கன்னம் வீங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. கையோடு பல் முகாமுக்கு அழைத்துப் போய், பல் பிடுங்கும்வரை தோளில் கைபோட்டபடி கூடவே நின்றிருக்கிறார். அங்கிருந்த இளம் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள்.

"சுகர், பிரஷர், ஹார்ட் பிராப்ளம் எதுனா இருக்குங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க."

மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வான்? பல் வந்துவிட்டது. வீட்டில் திட்டு விழும் என்று தங்கையிடமும் அவன் மூச்சு விடவில்லை.

பிறகு சாயங்காலமானால் ஜுரம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவான், ஜுரம் கம்மியாகும், நிறுத்துவான், திரும்ப வரும். கல்லூரி விடுதியில் தங்கியிருந்த ஆர்த்திக்கு அம்மா போனில் சொன்னதெல்லாம் 'விட்டு விட்டு ஜுரம்' என்பதுதான். லீவுக்கு வந்தவளைப் பார்த்து அவன் சிரித்தான். பல் வரிசையில் ஓர் ஓட்டை. அவள் அவன் கையை இழுத்து நகங்களைப் பார்த்தாள். மரச் சிலாம்பு ஏறியது போல அடியில் சிவப்புக் கீற்றுகள். வகுப்பில் அவள் படம் போட்டுக் காட்டுகிற அதே நகம். பல்லை எங்கே பிடுங்கினான் என்று கேட்டாள், முகாம் கதை அப்போதுதான் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்க வைத்தார்கள். எதுவும் வளரவில்லை. எனக்கு போன் செய்து அழுதாள். "வருஷா வருஷம் பசங்களுக்குக் காட்ட நான் வளக்குறேன் இல்ல? எங்கண்ணனுக்கு மட்டும் வளர மாட்டேங்குதே." அரைகுறையாகப் போட்ட மாத்திரை ரத்தத்தில் இருந்தால், கிருமி குப்பியில் வளராது, உள்ளே வால்வை மட்டும் தின்றுகொண்டிருக்கும். இது அவளுக்குத் தெரியாததா? தெரிந்து என்ன செய்ய? எந்தக் கிருமி என்று உறுதியாகாமல் டாக்டர்கள் உத்தேசமாக மருந்து ஏற்றினார்கள். அவள் அந்த ஆஸ்பத்திரி லேப் வாசலில் நின்றாள். உள்ளே விட அவள் யார்?

டைபாய்டு என்று பாஞ்சாலை சம்பந்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். அதை நம்பி அவர் இளநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆபரேஷனுக்குச் சென்னைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் பேசியிருந்த அன்று காலையில் வால்வு கிழிந்து மூச்சு முட்டி வல்லரசு போய்விட்டான்.

சாவு வீட்டில் நானும் இருந்தேன். ஆர்த்தியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. நடந்த எல்லாவற்றையும் திருமலையிடம் சொன்னாள். அவர் சண்டைக்கு வருவார் என்று பயந்தோம். அவர் பாஞ்சாலையின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, மொதல்லியே சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதானம்மா. புள்ள இருந்திருப்பானே."