கோழியா, ஆட்டுக்குட்டியா?

போன திங்கட்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோவைப் போட்டுவிட்டு, போட்ட வேகத்திலேயே அழிக்கப் பார்த்தேன். அதற்குள் சிதம்பரத்தில் மாமா கேட்டுவிட்டார்!

விஷயம் இதுதான். கடலூரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மறதி. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார். எதிர் வீட்டுக்காரர் பேரை மறக்கிறார். “நிறைய பேசவிடுங்க” என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்... சும்மா பேசவிடுவேனா? குட்டி மைக் ஒன்று வாங்கி, முந்தானையில் குத்திவிட்டு, “உன் கதையச் சொல்லும்மா” என்றேன்.

அம்மா மைக்கைக் குனிந்து பார்த்தார்.

“பொறந்தேன். கட்டிக் குடுத்தாங்க. நீங்க பொறந்தீங்க. வேற இன்னா இருக்கு?”

தீர்ந்தது வாழ்க்கை வரலாறு!

ரொம்பக் கெஞ்சிய பிறகு ஒரு வெள்ளக் கதை வந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, ஊரே பள்ளிக்கூடத்துக்கு ஓடியதாம். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவும் ஓடினாராம். “வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தான்” என்றார்.

என் அக்கா கேட்கட்டும் என்று அதை குரூப்பில் போட்டேன். அந்தத் தம்பியும், அதாவது என் மாமாவும், அதில் இருப்பதை மறந்துவிட்டேன். அக்கா கல்யாணத்தில் அவர் சீர்த்தட்டோடு வந்து சேர்வதற்குள் குடும்பப் போட்டோவை எடுத்து முடித்துவிட்டார்கள். சாப்பிடாமல் போனவர்தான். மூன்று வருஷமாக அம்மாவோடு பேச்சில்லை. அம்மாவும் இறங்கி வரவில்லை.

அம்மாவின் சின்ன வயசைக் கூட இருந்து பார்த்தவர்களில் இன்றைக்கு மிச்சம் அவர் ஒருவர்தான். அம்மா மறந்துபோனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளில்லை. அவரைப் போய்ச் சீண்டிவிட்டேனே!

உடனே வந்தது பதில்.

“டேய் மாப்ள, பச்சப் பொய்டா! அது எங்க என்னத் தூக்குச்சி? நானே நடந்துதான் வந்தேன். கையில ஆட்டுக்குட்டி வேற. அழுதது உங்கம்மாதான்!”

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மைக்கைத் தானே எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“ஆட்டுக்குட்டியா? அது கோழிடா! செவப்புக் கோழி. நான்தான் புடிச்சிருந்தேன். தண்ணியில டவுசர் போயிடுச்சின்னு அழுதியே, அத ஏன் சொல்லல?”

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே டவுசர் பறந்தது. ஒவ்வொரு சண்டையிலும் புதிதாக ஒரு ஆள், ஒரு வாய்க்கால், ஒரு புளியமரம்... பாசமாகக் கேட்டபோது வராததெல்லாம், யாரோ தப்பாகச் சொன்னதும் வந்து கொட்டியது. கோபம் வந்தால் அம்மாவுக்கு மறதியே இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் செருப்புச் சத்தம். மாமா! பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார். அம்மா “வா” என்றுகூடச் சொல்லாமல் கேட்டார்.

“இப்ப சொல்லு. கோழியா, ஆட்டுக்குட்டியா?”

“மொதல்ல சோத்தப் போடு. அன்னிக்கே சாப்புடாமதான் போனேன்.”

அம்மா இலையைப் போட்டார்.

சாப்பிட்ட கை காயும்வரை இருவரும் பேசினார்கள். சிரித்தார்கள். நடுவில் ஒரு தடவை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோழி மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

“எல்லாத்தையும் புடிச்சிட்டியாடா?” என்றார் அம்மா என்னிடம்.

மைக் மேஜைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது.

“ஆன் பண்ண மறந்துட்டேம்மா...”

அம்மா மாமா பக்கம் திரும்பினார்.

“பாத்தியாடா தம்பி? எனக்கு மறதின்னு இவன்தான் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறான்!”