ட்ரியின் ஒட்டுமீசை

சிவப்புத் துணியைச் சுவர் ஆணியில் மாட்டியதும் ட்ரி அதை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிடுவார். ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர்களுக்குச் சிவப்பு, இரட்டைப்படைக்கு நீலம். அடையாளப் படத்துக்கு அதுதான் வழக்கம். சோலோ நகர ஓரத்தில், வாடகை அறைகளுக்கு நடுவிலுள்ள நடைதான் அவருடைய ஸ்டுடியோ.

"சிரிக்காதடி. பல்லு தெரிஞ்சா பொறுப்பில்லாதவள்னு மிஷின் நெனச்சுக்கும்" என்பார், படத்துக்கு நிற்கும் பெண்ணிடம்.

வார நாட்களில் அவர் பார்சல் கிடங்கில் பொட்டலம் பிரிக்கும் பெண்களில் ஒருவர், பதினோரு வருடமாக. சனிக்கிழமைகளில் கெத்தோப்ராக் நாடகத்தில் ராஜா. எட்டு மணி நேரம் குனிந்தே நிற்கும் முதுகுக்கு வாரம் இரண்டு மணி நேரம் அரியணை. ஒட்டுமீசை, தெம்பே என்ற சோயாப் பண்டம் வந்த ஒரு பழைய டப்பாவில் இருக்கும்.

அவர் ஆசைப்பட்டது ஷிப்ட் தலைவர் பதவிக்கு. விண்ணப்பத்தைப் படத்தோடு கம்பெனிச் செயலியில் ஏற்ற வேண்டும், சலித்தெடுப்பது அதுதான். நான்கு முறை ஏற்றினார். நான்கு முறையும் ஒரே பதில்: "தலைமைத் தோற்றம் போதாது." அவர் படம் எடுத்துக் கொடுத்த கிடங்குப் பெண்கள் அத்தனை பேருக்கும் அதே பதில். நடையில் வெளிச்சம் போதவில்லையோ என்று ட்ரி பல்பை மாற்றினார்.

ஐந்தாவது தடவை, வேடிக்கைக்காக, ராஜ மீசையும் கறுப்புத் தொப்பியுமாக நின்று எடுத்த படத்தை ஏற்றினார். மற்றபடி அதே பணி எண், அதே பதினோரு வருடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அதே பெயர். தட்டில் சோறு ஆறுவதற்குள் பதில் வந்தது: "வாழ்த்துகள், ட்ரி ஐயா. நேர்காணலுக்கு வரவும்."

பக்கத்து அறை எந்தாங் போனை வாங்கி இரண்டு முறை படித்தாள். "அக்கா, இது நெசமா?"

"பதினஞ்சு வருசமா ராஜா வேஷம் கட்டுறேன். முன்வரிசைக் கொழந்தகூட ஒருநாளும் நம்பினதில்ல. இது நம்பிடுச்சு பாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்தச் சோற்றை அவர் தொடவும் இல்லை.

மறுநாள் மீசையோடும் தொப்பியோடும் கிடங்கின் நடுவே ராஜநடை நடந்து மேலாளர் அறைக்குப் போனார். பெண்களின் கைகள் நின்றுவிட்டன. பொட்டலங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

மேலாளர் ஹர்சோனோ எழுந்தே விட்டார். "ட்ரி, என்ன கூத்து இது?"

"கூத்துதான் ஐயா. நீங்க கூப்பிட்ட ஆளு வந்திருக்காரு."

மீசை வைத்த படத்தையும் வைக்காத படத்தையும் மேசையில் அருகருகே வைத்தார். ஹர்சோனோ பார்த்தார். முகம் வெளுத்தது.

"நான் யாரையும் தள்ளலையேம்மா. எல்லாம் அந்த மிஷின்தான..." குரல் இறங்கியது. "மொதல்ல மீசைய எடு. பேசிக்கலாம்."

நேர்காணல் ஒரு சடங்குதான். நியமனத் தாள் ஏற்கெனவே மேசையில் இருந்தது, ட்ரியின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. ட்ரி மீசையை நிதானமாக உரித்தார்.

"வேலைய வாங்குனது இவருதான? இவரே போடட்டும்."

கையெழுத்துக் கோட்டின்மேல் மீசையை ஒட்டி, கைநாட்டு வைப்பதுபோல் கட்டைவிரலால் அழுத்தினார்.